சிரி... தூக்கு... பேசு... ஓடு!
அவசர நேரத்தில் அறிகுறிகள் மறக்காமல் இருக்க, வீட்டுக்குச் சில சூத்திரங்கள்

காலை ஏழரை மணி. அப்பா பேப்பர் படித்துக்கொண்டே காபி டம்ளரை எடுக்கிறார். கை நழுவி டம்ளர் கீழே விழுகிறது. "பார்த்து எடுக்கக் கூடாதா?" என்று அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுக்கிறார். அப்பா ஏதோ பதில் சொல்கிறார். வார்த்தை குழறுகிறது. "ராத்திரி சரியாத் தூங்கல, அதான்" என்கிறார் பாட்டி. "பி.பி. மாத்திரை போட மறந்திருப்பீங்க மாமா" என்கிறாள் மருமகள். "கொஞ்ச நேரம் படுங்கப்பா, சரியாயிடும்" என்கிறான் மகன்.

அப்பா படுக்கிறார். பதினோரு மணிக்கு எழுப்பினால் வலது கையும் காலும் அசையவில்லை. ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரி சேர்ந்து, ஸ்கேன் எடுத்து முடிக்கும்போது மணி பன்னிரண்டரை. "எப்போ ஆரம்பிச்சுது?" என்று டாக்டர் கேட்கிறார். "ஏழரைக்கு." டாக்டர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அரை மணி தாண்டிவிட்டது.

இந்தக் குடும்பத்தில் யாரும் அலட்சியக்காரர்கள் இல்லை. எல்லோருக்கும் அப்பா மேல் உயிர். பக்கவாதம் பற்றி எல்லோருமே எங்கேயாவது படித்தும் இருப்பார்கள். ஆனால் படித்தது அந்த நிமிஷத்தில் வாயில் வரவில்லை. பதற்றத்தில் மூளை பெரிய பெரிய பாராக்களைத் தேடிக்கொண்டிருக்காது. அதற்கு ஒரு கயிறு வேண்டும். பிடித்து இழுத்தால் மொத்தமும் வந்துவிட வேண்டும். அந்தக் கயிற்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

டாக்டர்களும் மனப்பாடம்தான்!

மருத்துவக் கல்லூரி மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். மூளையிலிருந்து கிளம்பும் 12 ஜோடி நரம்புகள், மணிக்கட்டில் இருக்கும் 8 குட்டி எலும்புகள், எல்லாவற்றுக்கும் ஒரு வாக்கியம் வைத்திருப்பார்கள். வாக்கியத்தில் ஒவ்வொரு வார்த்தையின் முதலெழுத்தும் ஒரு நரம்பின் பெயர். வாக்கியம் எவ்வளவு அபத்தமோ அவ்வளவு நன்றாக நினைவில் நிற்கும். அதில் பாதி இங்கே அச்சிட முடியாத ரகம்! தலை நரைத்த பேராசிரியர்கூட நரம்புகளை எண்ணும்போது உதட்டுக்குள் அந்தப் பழைய வாக்கியத்தை முணுமுணுப்பதைப் பார்க்கலாம்.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மனசு ஒரே சமயத்தில் ஏழு சங்கதிகளைத்தான், கூடினால் இரண்டு குறைந்தால் இரண்டு, பிடித்து வைத்திருக்கும் என்று 1956-ல் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க மனவியல் அறிஞர் எழுதினார். பதற்றம் வந்துவிட்டால் அந்த ஏழும் மூன்றாகிவிடும் என்பது நம் எல்லோருக்கும் அனுபவம். சூத்திரம் இருந்தால் இன்னொரு லாபமும் உண்டு. மொத்தம் எத்தனை என்று அது சொல்லிவிடும். நான்கில் மூன்றுதான் ஞாபகம் வந்தது என்றால், ஒன்று பாக்கி இருக்கிறது என்று தெரிந்து தேடலாம். எண்ணிக்கையே தெரியாதவர் முதல் ஒன்றோடு நிறுத்திவிடுவார்.

நம்மவர்களுக்கு இது புதிதும் அல்ல. ஆத்திசூடி ஏன் அ, ஆ, இ என்று எழுத்து வரிசையில் போகிறது? அடுத்தது எது என்று குழந்தை முழிக்காமல் இருக்கத்தான். சித்த வைத்தியர்கள் நோயைக் கண்டுபிடிக்கப் பார்க்க வேண்டிய எட்டு விஷயங்களைச் செய்யுளில் கட்டி வைத்திருந்தார்கள். நாடி, தொடு உணர்ச்சி, நாக்கு, நிறம், பேச்சு, கண், மலம், சிறுநீர். எண்வகைத் தேர்வு என்று அதற்குப் பெயர். இந்தப் பட்டியலில் பேச்சையும் கண்ணையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டும் வேறு இடத்தில் வரப் போகின்றன.

பக்கவாதம்: ஆறு கட்டளைகள்

1998-ல் இங்கிலாந்தில் பக்கவாத டாக்டர்களும் ஆம்புலன்ஸ் ஊழியர்களும் சேர்ந்து ஒரு சின்னச் சோதனையை உருவாக்கினார்கள். முகம், கை, பேச்சு, நேரம். இந்த நான்குக்கும் ஆங்கிலத்தில் முதலெழுத்தைச் சேர்த்தால் ‘ஃபாஸ்ட்’ என்று வரும். வேகம் என்று அர்த்தமும் பொருந்தி வந்ததால் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. நம் ஊர் ஆஸ்பத்திரிச் சுவர்களிலும் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் இங்கிலீஷ் எழுத்து நம் வீட்டுப் பாட்டிக்கு என்ன செய்யும்? அதை அப்படியே தமிழாக்கினால் மு, கை, பே, நே என்று வரும், எதற்கும் ஆகாது. ஸ்பானிஷ் மொழிக்காரர்கள் புத்திசாலிகள். மொழிபெயர்க்கவில்லை. அவர்கள் மொழியில் வேகத்தைக் குறிக்கும் ‘ராப்பிதோ’ என்ற சொல்லை எடுத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் புதிதாக ஓர் அறிகுறியைக் கட்டிக்கொண்டார்கள். நாமும் நமக்கு வசதியாகக் கட்டிக்கொள்வோம். எழுத்து வேண்டாம், கட்டளையாக வைப்போம்.

சிரி. தூக்கு. பேசு. ஓடு.

‘சிரி’: அவரைச் சிரிக்கச் சொல்லுங்கள். சிரிப்பு வராத சமயம்தான், பரவாயில்லை, பல்லைக் காட்டச் சொல்லுங்கள். வாய் ஒரு பக்கமாகக் கோணுகிறதா? ‘தூக்கு’: இரண்டு கைகளையும் முன்னால் நீட்டித் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு, பத்து எண்ணும்வரை அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள். ஒரு கை மட்டும் மெல்லக் கீழே இறங்குகிறதா? ‘பேசு’: ஒரு சாதாரண வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். "இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை, மார்க்கெட்ல கீரை வாங்கணும்" என்பது போல. வார்த்தை குழறலாம். வேறு வார்த்தை வரலாம். சில பேருக்கு நீங்கள் சொல்வதே புரியாமல் போகலாம். அதுவும் பேச்சுக் கோளாறுதான்.

மூன்றில் ஒன்று இருந்தாலும் போதும், ‘ஓடு’. மூன்றும் சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இந்த நாலோடு விஷயம் முடிந்திருந்தால் சௌகரியம். ஆனால் அமெரிக்காவில் கென்டகி பல்கலைக்கழக டாக்டர்கள் 2017-ல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். பக்கவாதம் என்று உறுதியான நோயாளிகளில் நூற்றுக்கு 14 பேருக்கு முகம், கை, பேச்சு எதிலுமே கோளாறு தெரியவில்லை! மூளையின் பின்பக்கம் அடைபட்டால் இப்படி ஆகும். திடீரென்று நடை தள்ளாடும், பார்வை போகும் அல்லது இரண்டிரண்டாகத் தெரியும். நடையையும் கண்ணையும் சேர்த்துப் பார்த்தபோது, தவறவிட்டவர்கள் நூற்றுக்கு நாலைந்து பேராகக் குறைந்தார்கள். ஆகவே நம் சூத்திரத்துக்கு முன்னால் இரண்டு வார்த்தை சேர்த்துக்கொள்வோம்:

நட, பார், சிரி, தூக்கு, பேசு, ஓடு!

இரண்டு முறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். மூன்றாவது முறை தானாக வரும். ஒரே ஒரு எச்சரிக்கை. ‘நட’ என்பது நோயாளியை நடக்க வைத்துச் சோதிப்பதற்கு அல்ல. நடை திடீரென்று தள்ளாடியதா என்று கவனிப்பதற்கு. தள்ளாடுகிறவரை நடக்கச் சொல்லி விழவைத்துவிடாதீர்கள்.

‘ஓடு’ என்ற கடைசிக் கட்டளைதான் உயிர்நாடி. மூளைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய் அடைபட்டால் ஒவ்வொரு நிமிஷமும் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் அழிகின்றன என்று 2006-ல் கணக்கிட்டிருக்கிறார்கள். நாலரை மணி நேரம் என்பது அவகாசம் அல்ல, எல்லை. மூன்று மணிக்குப் போடும் ஊசியைவிட ஒரு மணிக்குப் போடும் ஊசி நன்றாக வேலை செய்யும். பெரிய குழாய் அடைப்பாக இருந்தால் தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டுக் கட்டியை எடுக்கும் சிகிச்சையும் இருக்கிறது. 2015-க்குப் பிறகு அது நிலைபெற்றுவிட்டது. ஸ்கேனைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறார்கள். ஆகவே நேரம் தாண்டிவிட்டதே என்று வீட்டிலேயே இருந்துவிடவும் கூடாது.

நேரத்தை எங்கிருந்து எண்ணுவது? ‘கடைசியாக அவர் நன்றாக இருந்ததைப் பார்த்த நேரம்’ என்பதுதான் கணக்கு. காலையில் எழும்போதே வாய் கோணியிருந்தால், ராத்திரி படுக்கப் போன நேரத்தைச் சொல்ல வேண்டும்.

போகிற வழியில் காபி, தண்ணீர், மாத்திரை எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். விழுங்கும் தசையும் செயலிழந்திருக்கலாம். ஊற்றியது நுரையீரலுக்குப் போய்விடும். பி.பி. மாத்திரையை நாக்குக்கு அடியில் வைப்பது, ஆஸ்பிரின் கொடுப்பது இரண்டும் வேண்டாம். அடைப்பா, ரத்தக் கசிவா என்று ஸ்கேன் சொல்லும்வரை யாருக்கும் தெரியாது. கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதை அதிகப்படுத்தும். எண்ணெய் தேய்ப்பது, புறா ரத்தம் தடவுவது போன்ற உபதேசங்களோடு வருகிற உறவினரை மரியாதையாக ஹாலில் உட்கார வையுங்கள்.

கோணிய வாய் பத்து நிமிஷத்தில் நேராகிவிட்டால்? "அப்பாடா, சரியாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அது முன்னோட்டம். நிஜமான பக்கவாதம் வரும் ஆபத்து அடுத்த இரண்டு நாளில்தான் மிக அதிகம். சரியாகிவிட்டாலும் ஓட வேண்டும்.

சர்க்கரை இறங்கினால் ‘ப’ வரிசை

வீட்டில் சுகர் நோயாளி இருந்தால் இது உங்களுக்கு. சர்க்கரை ஏறுவதைப் பற்றி எல்லோருக்கும் பயம். இறங்குவதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பாடு தாமதமானால், அல்லது கிளிபென்கிளமைட், கிளிமிபிரைடு ரக மாத்திரை போட்டுக்கொண்டு விரதம் இருந்தால், சர்க்கரை 70-க்குக் கீழே போய்விடும். அப்போது வருவதெல்லாம் ‘ப’வில் ஆரம்பிக்கும் வார்த்தைகளாக அமைந்திருப்பது நம் அதிர்ஷ்டம்: படபடப்பு, பசி, பதற்றம், பார்வை மங்கல், பிதற்றல். ஐந்து ‘ப’. கூடவே உடம்பு குப்பென்று வேர்க்கும்.

இதில் கடைசி ‘ப’தான் ஏமாற்றும். "தாத்தாவுக்கு வயசாயிடுச்சு, என்னமோ உளர்றார்" என்று விட்டுவிடுவார்கள். சர்க்கரை இறங்கியவர் கோபப்படலாம், சிரிக்கலாம், நீட்டிய இனிப்பைத் தட்டிவிடலாம். கை கால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு பக்கவாதம் போலவே தெரியலாம். அதனால்தான் பக்கவாத நோயாளி வந்ததும் ஆஸ்பத்திரியில் முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறார்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் நீங்களும் பார்க்கலாம். மெஷினைத் தேடிப் பத்து நிமிஷம் அலமாரியைக் குடையாதீர்கள்.

நினைவு தெளிவாக இருந்தால் மூன்று சின்ன ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. தெளிந்ததும் இட்லியோ சாதமோ சாப்பிட வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி இறங்கும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேராக ஆஸ்பத்திரி. அகார்போஸ், வாக்லிபோஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு விசேஷம்: சாதாரணச் சர்க்கரை ரத்தத்தில் சீக்கிரம் சேராது. கடையில் விற்கும் குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். மாத்திரை அட்டையில் பெயரைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பி.பி.க்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர்களுக்குப் படபடப்பு தெரியாமலே போகலாம். அவர்கள் வேர்வையை நம்ப வேண்டும்.

மூக்குக்குக் கீழே, தொப்புளுக்கு மேலே

மாரடைப்பு என்றால் சினிமாவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார்கள். நிஜத்தில் வயதானவர்களுக்கும், பெண்களுக்கும், சுகர் உள்ளவர்களுக்கும் பல சமயம் அப்படி வருவதில்லை. தாடை வலி, தோள் வலி, மேல் வயிற்றில் ஒரு பாரம், மூச்சு வாங்குதல், காரணமில்லாத அசதி என்று வரும். "கேஸ் ட்ரபிள்தான்" என்று சோடாவும் ஓமத் தண்ணியும் குடித்துவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். சூத்திரம் எளிது. மூக்குக்குக் கீழே, தொப்புளுக்கு மேலே, புதிதாக ஒரு வலியோ அழுத்தமோ வந்து, கூட வேர்வையோ மூச்சு வாங்கலோ இருந்தால், ஈ.சி.ஜி. எடுக்கும்வரை அது இதயம். ஈ.சி.ஜி. எடுத்தபின் கேஸ் என்று தெரிந்தால் சந்தோஷமாக வீட்டுக்கு வரலாம். தானே ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு போகிற வீரம் மட்டும் வேண்டாம்.

குழாய் திறந்ததா, மூடியதா?

இப்போது எனக்கு மிகவும் பிடித்த ஜோடிக்கு வருகிறேன். மருத்துவ மாணவர்களுக்கு இரண்டும் தனித்தனிப் பாடம். ஒன்றின் தலையில் இன்னொன்றைக் கவிழ்த்து வைத்தால், ஒன்றைக் கற்றாலே இரண்டும் வந்துவிடும்.

வயலுக்கும் தோட்டத்துக்கும் அடிக்கும் பூச்சி மருந்துகளில் ஆர்கனோபாஸ்பேட் என்று ஒரு வகை. மருந்து அடிக்கும்போது தோலில் பட்டும் ஏறும், மூச்சிலும் ஏறும், குழந்தை கை பட்டு வாய்க்கும் போகும். உடம்பில் நரம்புகள் சேதி அனுப்ப அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைப் பயன்படுத்துகின்றன. சேதி போய்ச் சேர்ந்ததும் அதைத் துடைத்துவிட ஒரு நொதி இருக்கிறது. குழாயைத் திறந்தவுடன் பின்னாலேயே வந்து மூடுகிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த விஷம் மூடுகிற ஆளைக் கட்டிப் போட்டுவிடுகிறது. அப்புறம் என்ன ஆகும்? எச்சில் வழியும், கண்ணீர் வழியும், மூக்கு ஒழுகும், வேர்த்துக் கொட்டும், வாந்தி, பேதி, தன்னை அறியாமல் சிறுநீர். கடைசியில் நுரையீரலுக்குள்ளேயே நீர் சுரந்து மூச்சு முட்டும். கண்மணி மட்டும் குண்டூசி முனை போலச் சுருங்கிவிடும். ஆகவே சூத்திரம்:

எல்லாக் குழாயும் திறந்திருக்கும். கண்மணி மட்டும் மூடியிருக்கும்.

இங்கிலீஷில் இதற்கு ஏழெட்டு எழுத்துகளைக் கோத்து ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு ஒழுகல். நமக்குக் குழாயே போதும்.

இப்போது ஊமத்தைக்கு வாருங்கள். வேலியோரம் வெள்ளையாகப் பூத்து, முள்முள்ளாகக் காய்க்குமே, அதேதான். விளையாட்டாகக் குழந்தைகள் அதன் விதையை மென்றுவிடுவது உண்டு. அதில் அட்ரோபின் முதலிய சத்துகள் இருக்கின்றன. அவை அசிட்டைல்கோலின் போய் உட்காரும் இடத்தை அடைத்துக்கொண்டு சேதியையே நிறுத்திவிடும். வாய் காய்ந்து நாக்கு ஒட்டிக்கொள்ளும். தோல் வறண்டு, சிவந்து, காய்ச்சல் போலக் கொதிக்கும். வேர்வை ஒரு சொட்டு இருக்காது. சிறுநீர் பிரியாது. கண்மணி அகன்று வெளிச்சம் கூசும். இதயம் ஓடும். குழந்தை இல்லாத ஒன்றைப் பார்த்துப் பேசும், காற்றில் எதையோ பிடிக்கும். பேய் பிடித்துவிட்டது என்று வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போன கதைகளில் சில, இந்த விதையின் வேலையாக இருக்கலாம். சூத்திரம், முன்னதன் தலைகீழ்:

எல்லாக் குழாயும் மூடியிருக்கும். கண்மணி மட்டும் திறந்திருக்கும்.

இதற்கு மேலை நாட்டு மாணவர்கள் ஐந்து உவமை சொல்லுவார்கள். முயல், வௌவால், எலும்பு, பீட்ரூட், தொப்பி தைப்பவர் என்று. முதல் நான்கும் சூடு, பார்வை, வறட்சி, சிவப்பு என்று நமக்கும் பிடிபடும். தொப்பிக்காரருக்கும் புத்திக் கோளாறுக்கும் என்ன சம்பந்தம் என்று விளக்கவே தனிப் பாடம் வேண்டும்! இரவல் உவமைகளின் தொல்லை இதுதான்.

ஜோடியின் அழகு சிகிச்சையில் இருக்கிறது. பூச்சி மருந்து விஷத்துக்கு ஆஸ்பத்திரியில் முதலில் ஏற்றும் மருந்து என்ன தெரியுமா? அட்ரோபின்தான்! ஊமத்தையில் விஷமாக இருப்பதே, அளந்து கொடுத்தால் திறந்த குழாய்களை மூடுகிற மருந்து. நெஞ்சில் நீர்ச் சத்தம் அடங்கி மூச்சு சுத்தமாகும்வரை டாக்டர்கள் அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். அதற்காக யாரும் வீட்டில் ஊமத்தைச் சாறு பிழியக் கிளம்பிவிடாதீர்கள். அளவு ஒரு விதையிலிருந்து இன்னொரு விதைக்கு மாறும். இரண்டு விஷமாகத்தான் முடியும்.

வீட்டில் செய்ய வேண்டியது குறைவு. பூச்சி மருந்து பட்டவரின் துணியைக் கழற்றிவிட்டு, சோப்புப் போட்டு உடம்பையும் தலையையும் கழுவுங்கள். கழுவுகிறவர் கையில் பிளாஸ்டிக் பையாவது மாட்டிக்கொள்ள வேண்டும். தோல் வழியாக உங்களுக்கும் ஏறும். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நினைவு மங்கினால் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மருந்து பாட்டிலையோ டப்பாவையோ கையோடு எடுத்துப் போங்கள். டாக்டருக்கு அதுதான் பாதி விவரம். தெரிந்தே குடித்தவராக இருந்தாலும் முதலுதவி இதேதான். ஏன், எதற்கு என்ற விசாரணை அப்போது வேண்டாம். உடம்பு தேறியபின் மனம் விட்டுப் பேச 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண் இருக்கிறது.

ஜுரம் விட்டதும் விரல் மடக்கு

டெங்குவில் விசித்திரம் என்னவென்றால், ஆபத்து ஜுரம் கொதிக்கும்போது வருவதில்லை, இறங்கும்போது வருகிறது. பொதுவாக மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள். "ஜுரம் விட்டாச்சு, நாளைக்கு ஸ்கூலுக்கு அனுப்பலாம்" என்று அம்மா நிம்மதியாகும் அதே ஒன்றிரண்டு நாள்தான் உஷார் நாள். அப்போது ஐந்து விரல்களை மடக்குங்கள். கட்டை விரல், விடாத வயிற்று வலி. ஆள்காட்டி, நிற்காத வாந்தி. நடுவிரல், ஈறிலோ மூக்கிலோ ரத்தக் கசிவு. மோதிர விரல், துவண்டு கிடப்பது அல்லது நிலைகொள்ளாமல் புரளுவது. சுண்டு விரல், சிறுநீர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எதற்குச் சுண்டு விரலைக் காட்டுகிறார்கள்? அதேதான்! ஆறு மணி நேரமாகப் போகவில்லை என்றால் மடக்குங்கள். ஒரு விரல் மடங்கினாலும் ஆஸ்பத்திரி. வலிக்கு ஆஸ்பிரின், புரூஃபன் ரக மாத்திரை கூடாது; பாராசிட்டமால் மட்டும்.

சூத்திரம் ஏமாற்றும் இடம்

பித்தப்பைக் கல் யாருக்கு வரும் என்று மாணவர்களுக்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு. பெண், பருமன், நாற்பது வயது, பிள்ளை பெற்றவர். பரீட்சைக்குப் பிரமாதம். ஆனால் ஒல்லியான ஆண் ஒருவர் வலது விலாவுக்குக் கீழே வலி என்று வந்தால், சூத்திரத்தில் அவருக்கு இடம் இல்லை. ரத்த அணுக்கள் சீக்கிரம் உடையும் பரம்பரை நோய் உள்ள சின்னப் பையனுக்கும் கல் வரும். அவனுக்கும் இடம் இல்லை. ஒரு பட்டியல் மனசில் அழுத்தமாக உட்கார்ந்துவிட்டால், அதில் இல்லாதவரைக் கண் பார்க்கத் தவறும். டாக்டர் கண்ணுக்கும் இது உண்டு.

மச்சம் புற்றுநோயாகிறதா என்று பார்க்க 1985-ல் நியூயார்க் டாக்டர்கள் வகுத்த எழுத்து வரிசைச் சூத்திரமும் இப்படித்தான். சமமில்லாத வடிவம், ஒழுங்கற்ற ஓரம், பல நிறம், பெரிய அளவு. பின்னால் 2004-ல் ‘மாறிக்கொண்டே போவது’ என்று ஐந்தாவதையும் சேர்த்தார்கள். வெள்ளைத் தோலுக்கு நன்றாகப் பொருந்தும். கறுத்த தோலில் அந்தப் புற்று பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடி போன்ற இடங்களில் ஒளிந்துகொள்ளும். ஜமைக்கா பாடகர் பாப் மார்லியின் உயிரை 1981-ல் எடுத்தது கால் விரல் நகத்தடியில் தொடங்கியதுதான். நம் தோலுக்கு ஆறாவதாக ஒன்று சேர்க்கலாம்: ‘காலடியைப் பார்.’

அறிகுறி இருந்தால் ஓடச் சொல்வதுதான் சூத்திரத்தின் வேலை. அறிகுறி இல்லை, ஆகவே நோய் இல்லை என்று சொல்ல அதற்கு அதிகாரம் இல்லை. "நட, பார், சிரி எல்லாம் பார்த்துட்டேன், ஒண்ணும் இல்ல, ஆனா அவர் அவரா இல்ல" என்று மனைவி சொன்னால், மனைவி சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை

இந்த வாரமே வீட்டில் ஒரு தரம் நடித்துப் பாருங்கள். தாத்தா நோயாளி, பேரன் டாக்டர். "சிரிங்க தாத்தா, கையைத் தூக்குங்க, கீரை வாங்கணும்னு சொல்லுங்க." பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும், சிரித்தது மறக்காது. எட்டு வயதுப் பிள்ளையால் இதைச் செய்ய முடியும். பகல் நேரத்தில் பாட்டியோடு வீட்டில் இருப்பது பல சமயம் அந்தப் பிள்ளைதான்.

பிறகு ஒரு சின்ன வேலை. உங்கள் ஊரில் எந்த ஆஸ்பத்திரியில் ராத்திரியிலும் மூளை ஸ்கேன் எடுப்பார்கள், கட்டியைக் கரைக்கும் ஊசி எங்கே இருக்கிறது என்று இப்போதே போன் செய்து கேளுங்கள். வீட்டுக்கு மிக அருகில் இருப்பது அதுவாக இல்லாமல் இருக்கலாம். அந்தப் பெயரையும், பெரியவர்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டுங்கள். 108-க்குப் பேசுகிறவர் பதற்றத்தில் முகவரியையே மறப்பார். ஆகவே வீட்டு முகவரி, பக்கத்தில் உள்ள கோயிலோ ரேஷன் கடையோ ஓர் அடையாளம், அதையும் அதே தாளில் எழுதுங்கள். அடியில் ஒரு வரி காலியாக விடுங்கள். ‘கடைசியாக நன்றாக இருந்த நேரம்’ என்று தலைப்புப் போட்டு, பக்கத்தில் ஒரு பென்சிலைக் கயிற்றில் கட்டித் தொங்க விடுங்கள்.